வியாழக்கிழமை கொலு (நங்கநல்லூர் வீடு 🏠 குரூப்)

*செவ்வாய், இரவு 8:41*

வித்யா: எல்லாரும் கொஞ்சம் பாருங்க, அவசரம். யாழினி டைரியில மிஸ் எழுதி அனுப்பியிருக்காங்க. வியாழக்கிழமை செகண்ட் ஸ்டாண்டர்டுல "இலையுதிர் காலப் பண்டிகைகள்"னு ஒரு நிகழ்ச்சி. இவளுக்கு வந்தது மினி கொலு. மேஜை மேல மூணு படி, 32 பிள்ளைங்களுக்கு சுண்டல், இவ ரெண்டு நிமிஷம் பேசணும்

கார்த்தி: இலையுதிர் காலமா? மெட்ராஸ்லயா? 😂

கார்த்தி: இங்க உதிர்றது என் முடி மட்டும்தான்

அம்மா: எப்போ சொன்னாங்க

வித்யா: போன வெள்ளிக்கிழமையே எழுதியிருக்காங்க. இன்னிக்குத்தான் காட்றா

அம்மா: உன்னை மாதிரியே

பவானி பெரியம்மா: வித்யா, முதல்ல அந்தத் தலைப்பைப் பார்ப்போம். நமக்குப் பெரும்பொழுது ஆறு. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். இந்த மாசங்கள்ல இங்க இலை கொட்டாது, மழை கொட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூணாவது வாரத்துல தொடங்கும். தெருவுல இருக்கிற வாதாம் மரம் சிவந்து உதிர்றதைப் பார்க்கணும்னா தை, மாசியில பாரு. சரத் ருதுவுல (வடமொழிக் கணக்குல மழைக்காலத்துக்கு அடுத்த பருவம்) வர்றதாலதான் இந்தக் கொலு நவராத்திரிக்கு சாரதா நவராத்திரின்னே பேரு. அதனால யாழினி முதல் வரியே இப்படிச் சொல்லட்டும்: "எங்க ஊர்ல இப்போ இலை உதிராது, மழை வரும்." மிஸ் கோவிச்சுக்க மாட்டாங்க. சந்தோஷப்படுவாங்க.

வித்யா: சார்ட்டுல ஆரஞ்சு மேப்பிள் இலை ஒட்டியாச்சு பெரியம்மா 🙈

பவானி பெரியம்மா: எத்தனை?

வித்யா: 14

பவானி பெரியம்மா: எடுத்துடு.

கார்த்தி: எடுத்தா சார்ட் கிழியும். மேல பச்சைத் தாள்ல மாவிலை வெட்டி ஒட்டிடுங்க அக்கா. தோரணம் ஆச்சு

பவானி பெரியம்மா: கார்த்தி சொல்றது சரி.

கார்த்தி: ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன் 📸 அத்தை என்னைச் சரின்னு சொன்ன நாள்

முரளி அண்ணா: இங்க மான்செஸ்டர்ல நிஜமாவே உதிருது. ஸ்கூல்ல இந்த மாசம் ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல். பிள்ளைங்க டின் பீன்ஸ், அரிசி, பாஸ்தா கொண்டுபோய் குடுக்கும், அதை ஃபுட் பேங்குக்கு அனுப்பிடுவாங்க. காலாவதி தேதி பார்க்காம வீட்டு அலமாரியைக் காலி பண்றவங்கதான் பிரச்சினை

சேகர் மாமா: எல்லா ஊர்லயும் அதே கதை

ராஜி சித்தி: மாம்பலம் பக்கம் யாருக்காவது கரன்ட் இருக்கா

அம்மா: இருக்கு

ராஜி சித்தி: எங்களுக்கு மட்டும் இல்ல

பவானி பெரியம்மா: படிக்கு வர்றேன். ஷூ டப்பா போதும். பெரியவங்க ஷூ டப்பா சுமார் 12 அங்குலம் நீளம், 7 அகலம், 4 உயரம். நீளப் பக்கம் முன்னால தெரியிற மாதிரி வை. கீழ் வரிசைக்கு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மூணு, அது மேல ரெண்டு, அதுக்கு மேல ஒண்ணு. ஆக ஆறு டப்பாவுல ஓரடி அகலத்துக்கு மூணு படி வந்துடும். ரெண்டடி வேணும்னா 12. ஆழம் 21 அங்குலம், ஸ்கூல் மேஜை ரெண்டடின்னா சரியா உட்காரும். ரெண்டு விஷயம் கவனி. ஒண்ணு, எல்லாம் ஒரே உயரமா இருக்கணும், கண்ட கம்பெனி டப்பாவைக் கலந்தா படி சாயும். ரெண்டாவது, காலி டப்பா பொம்மை வெயிட்டுக்கு நடுவுல குழியும், முன்னால இருக்கிற பொம்மை பின்னால சாயும். உள்ள பழைய பேப்பரைக் கசக்கித் திணி, கையால அமுக்கினா அமுங்கக் கூடாது. வரிசை வரிசையா பிரவுன் டேப் சுத்து.

பவானி பெரியம்மா: மேல விரிக்க நாலு முழ வேட்டி. எட்டு முழம் வேண்டாம், மடிப்பு மடிப்பா நிக்கும். குண்டூசி கூடவே கூடாது, டபுள் சைடு டேப் போடு. துணி மேஜை விளிம்போட நிக்கணும், தொங்கக் கூடாது. தொங்கினா ஏதாவது ஒரு பிள்ளை இழுக்கும், மொத்தக் கொலுவும் கீழ வந்துடும். எல்லா வருஷமும் இப்படித்தான் விழும், வேற எதனாலயும் இல்ல.

வித்யா: 12 டப்பாவுக்கு எங்க போவேன்

கார்த்தி: என்கிட்ட 9 இருக்கு

ரேவதி அத்தை: அத்தனை ஷூ எதுக்குடா வாங்கின

கார்த்தி: 🏃

வித்யா: பொம்மை? ரேவதி அத்தை, பாட்டியோட மரப்பாச்சி ஜோடி ஒரு நாளைக்குக் கிடைக்குமா? கொலுன்னா அது இல்லாம எப்படி

ரேவதி அத்தை: அது செம்மரம் வித்யா. இப்ப அந்த மாதிரி கிடைக்காது

ராஜி சித்தி: மரப்பாச்சி உடையாது ரேவதி. மரம்தானே

ரேவதி அத்தை: ராஜா ராணி செட்டும் உடையாதுன்னுதான் சொன்னாங்க. ராணி மூக்கு இல்லாம வந்துச்சு

ராஜி சித்தி: அது களிமண்

ரேவதி அத்தை: மூக்கு மூக்குதானே

ராஜி சித்தி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: ராஜி என்ன போட்ட

ராஜி சித்தி: ஒண்ணுமில்ல, தப்பான குரூப்

சேகர் மாமா: சுண்டலுக்கு வாங்க

பவானி பெரியம்மா: இரு சேகர். வித்யா, ஸ்கூல் கொலுவுல கலசம் வைக்காதே. கலசம் வெச்சா முடியிற வரைக்கும் நகர்த்தக் கூடாது, தினம் பூஜை பண்ணணும். சாயங்காலம் மூணு மணிக்கு எடுத்துடற படிக்கு அது சரிவராது. பொம்மை மட்டும் போதும். வாங்கறதா இருந்தா மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில காகிதக்கூழ் பொம்மை கேளு. லேசா இருக்கும், பிள்ளைங்க தூக்கலாம். உயரம் 6 அங்குலம் தாண்டக் கூடாது. கொண்டுபோறப்போ மூக்கு, விரல், வீணை நுனி, இந்த மூணுதான் முதல்ல போகும். அதுக்குத் தனியா பஞ்சு வெச்சுச் சுத்து.

*இரவு 9:20*

சேகர் மாமா: 32 பிள்ளைங்க, மிஸ், ஆயா எல்லாம் சேர்த்து 35. தலைக்கு 50 கிராம்னா 1,750. கொண்டைக்கடலை ஊறி வெந்தா ரெண்டேகால் மடங்கு வரும். 800 கிராம் போதும். வெள்ளைக் கடலை. கறுப்புக்குத் தோல் தடிப்பு, இந்த வயசுப் பிள்ளைங்க மெல்லாம துப்பும்

வித்யா: பட்டாணி?

சேகர் மாமா: ஒரு விசில் தப்பினா கூழ்

அம்மா: வேர்க்கடலை சுலபம்

சேகர் மாமா: வேண்டவே வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு அலர்ஜின்னு நமக்குத் தெரியாது. கட்டிப் பெருங்காயத்துல கோதுமை மாவு இருக்கும், அதையும் மிஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. எல்கேஜி பிள்ளைங்க வந்து கேட்டா முழுக் கடலை குடுக்காத, தொண்டையில சிக்கும், மசிச்சுக் குடு

சேகர் மாமா: புதன் ராத்திரி 9 மணிக்கு ஊறப்போடு, தண்ணி கடலை அளவுக்கு மூணு பங்கு. காலையில 5 மணிக்கு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு உப்பு போட்டு வேகவை. அஞ்சு லிட்டர் குக்கர்னா ரெண்டு தடவையா, பருப்பு கடலை எல்லாம் பாதிக்கு மேல ரொப்பக் கூடாது. அஞ்சு விசில், பிரஷர் தானா அடங்கட்டும். அவசரத்துல விசிலைத் தூக்கினா தோல் உரிஞ்சு தனியா நிக்கும். சோடா உப்பு போட்டாலும் அதேதான். வடிகட்டில கால் மணி நேரம் விட்டு, அகலத் தட்டுல பரப்பி ஆறவை. அப்புறம்தான் தாளிப்பு. மிளகாயைக் கிள்ளாதே, முழுசா போட்டு எண்ணி எடுத்துடு

ராஜி சித்தி: தேங்காய்?

சேகர் மாமா: பச்சைத் தேங்காய் போட்டு ஏழு மணிக்குக் கட்டினா பதினொண்ணுக்குப் பிசுபிசுன்னு நூல் விடும். போட்டே ஆகணும்னா ஈரம் போக வறுத்துப் போடு. சூடா டப்பாவுல மூடினா தேங்காய் இல்லாமலேயே ஊசிடும், மூடியில வேர்த்து சொட்டும் பாரு, அந்தத் தண்ணிதான் வினை

கார்த்தி: தொன்னை நான் வாங்கிட்டு வரேன்

அம்மா: போன தடவை மாதிரியா

கார்த்தி: சித்தி அது வேற விஷயம்

வித்யா: இவ என்ன பேசணும்? கிளாஸ்ல ஒரு கொரியன் பையன் இருக்கான், அவன் அவங்க பண்டிகையைச் சொல்றானாம்

கார்த்தி: சூசொக். எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் கொரியாக்காரங்க. சந்திர கணக்குல எட்டாவது மாசம், பதினஞ்சாம் நாள், பௌர்ணமி. சீனாவுல அதே நாள் மூன்கேக். கொரியாவுல சொங்பியொன். அரிசி மாவைப் பிசைஞ்சு உள்ள எள்ளு, பயறு பூரணம் வெச்சு அரை நிலா மாதிரி மடிச்சு ஆவியில வேகவைப்பாங்க, அடியில பைன் இலை

அம்மா: கொழுக்கட்டை

கார்த்தி: அதேதான் சித்தி

பவானி பெரியம்மா: அருமை. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்கவைக்கச் சொல்லு. நிலாக் கணக்கு எப்படியும் கிளாஸ்ல கேள்வியா வரும்: "தீபாவளி ஏன் வருஷா வருஷம் வேற தேதியில வருது?" சந்திர வருஷம் 354 நாள், நம்ம காலண்டர் 365. வருஷத்துக்கு 11 நாள் முன்னால நகரும், அப்பப்போ அதிக மாசம்னு கூடுதலா ஒரு மாசம் வந்து திரும்பப் பின்னால தள்ளிவிடும். ரெண்டாவது கேள்வி: வடக்கத்திப் பிள்ளைங்க ராமர் அயோத்திக்குத் திரும்பி வந்ததுக்குத் தீபாவளின்னு சொல்லும், நம்ம பிள்ளைங்க நரகாசுரன்னு சொல்லும், சண்டை வரும். நமக்குச் சதுர்த்தசி விடியக்காலை எண்ணெய்க் குளியல், அவங்களுக்கு அமாவாசை ராத்திரி லட்சுமி பூஜை. ரெண்டுமே சரின்னு முன்னாடியே சொல்லிவை.

முரளி அண்ணா: இங்க நவம்பர் 5 போன்ஃபயர் நைட். 1605ல பார்லிமென்ட்டுக்கு வெடி வைக்கப் பார்த்தவன் கை ஃபாக்ஸ், அவன் உருவபொம்மையை எரிப்பாங்க. இங்க தமிழ்ப் பிள்ளைங்க பாதி அது நரகாசுரன்னே நினைச்சுட்டிருக்கு

சேகர் மாமா: கோவாவுல நிஜமாவே நரகாசுரன் பொம்மையை எரிக்கிறாங்க

ராஜி சித்தி: விஜயதசமிக்கு எங்க பேரனுக்கு ஏடு தொடக்கம். அரிசியா நெல்லா

ராஜி சித்தி: கரன்ட் வந்துடுச்சு

பவானி பெரியம்மா: பச்சரிசி. நெல்லு சின்ன விரலைக் குத்தும். தாம்பாளத்துல அரை அங்குலத்துக்குப் பரப்பு. ரொம்ப மெலிசா இருந்தா விரல் தட்டுல இடிக்கும், கனமா இருந்தா போட்ட கோடு உடனே மூடிக்கும், 'அ' சுழி தெரியாது. ஆள்காட்டி விரலைப் பிடிச்சுச் சுழியிலேருந்து ஆரம்பி.

வித்யா: பெரியம்மா யாழினி பேச்சு 🙏

பவானி பெரியம்மா: எட்டு வரி, அதுக்கு மேல வேண்டாம். மனப்பாடம் பண்ணவைக்காதே, நடுவுல ஒரு வரி மறந்தா ஏழு வயசுப் பிள்ளை அழுதுடும். பொருளைத் தொட்டுக் காட்டிப் பேசட்டும். தொல்காப்பியத்துல உயிர்களை அறிவு வாரியா ஆறாப் பிரிச்சிருக்கு. புல், மரம் ஓரறிவு. நத்தை, சிப்பி ரெண்டு. கரையான், எறும்பு மூணு. நண்டு, வண்டு நாலு. விலங்கு, பறவை அஞ்சு. மனுஷன் ஆறு. மூணு படிக்கு ரெண்டு ரெண்டா வந்துடும். கீழ்ப்படியில கேழ்வரகு முளையும் கிளிஞ்சலும், நடுவுல எறும்பும் நண்டும், மேல யானையும் மனுஷனும்.

பவானி பெரியம்மா: எறும்பை யாழினியே செய்யலாம். அட்டையில மூணு மிளகை வரிசையா ஒட்டு. கறுப்பு நூல்ல ஆறு கால், ஆறும் நடு மிளகுலேருந்துதான் வரணும். எல்லாப் பிள்ளையும் மூணு மிளகுக்கும் ரெண்டு ரெண்டா பிரிச்சு ஒட்டும், அது தப்பு. நண்டு, நத்தைக்கு ரெண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் உப்பு, ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் குறைச்சலா தண்ணி. சுண்டுவிரலை விடத் தடியா செய்யாதே, வியாழனுக்குள்ள உள்ள காயாது. மழை ஈரத்துல உப்பு கசிஞ்சு பிசுபிசுக்கும், அதனால ஃபேனுக்கு அடியில வை.

சேகர் மாமா: எல்லாம் சரி. பிள்ளையார் எங்க

பவானி பெரியம்மா: மேல் படியில.

ராஜி சித்தி: யானை பக்கத்துலயா

கார்த்தி: சொந்தக்காரங்கதானே

ராஜி சித்தி: மனுஷனும் சாமியும் ஒரே படியில வைக்கக் கூடாது அக்கா

பவானி பெரியம்மா: பின்னால ஒரு சின்ன டப்பா வெச்சு உயர்த்திக்கோ.

ராஜி சித்தி: அப்போ நாலு படி ஆயிடும். ஒத்தைப்படையில இல்ல

கார்த்தி: மூணேகால் படி

அம்மா: தூங்குங்க எல்லாரும்

*புதன், இரவு 9:34*

வித்யா: 📷 படி ரெடி. 11 டப்பாதான் கிடைச்சுது, மூலையில ஒண்ணு டிஷ்யூ பெட்டி

பவானி பெரியம்மா: டிஷ்யூ பெட்டி அரை அங்குலம் குட்டை. கீழ அட்டை கொடு. துணி வலது பக்கம் தொங்குது பார்.

வித்யா: மடிச்சுடறேன். கேழ்வரகு முளைக்கலை, ரெண்டு நாள் பத்தலை. பச்சைப்பயறு வால் விட்டிருக்கு

பவானி பெரியம்மா: போதும். ஈரத் துணியோடயே தட்டுல வை.

வித்யா: மிஸ் ரெண்டு நிமிஷம் இல்ல, ஒரு நிமிஷம்தான்னு சொல்லிட்டாங்க 😭 எந்த நாலு வரியை எடுக்கறது

பவானி பெரியம்மா: மழை வரியை எடுக்காதே.

சேகர் மாமா: எறும்பையும்

ராஜி சித்தி: பிள்ளையாரையும்

வித்யா: பிள்ளையார் இப்போதைக்குத் தனியா நிக்கிறார். ரேவதி அத்தை, மரப்பாச்சி…? 🥺

ரேவதி அத்தை: கார்த்தி பைக்ல பொம்மை எல்லாம் ஏத்த வேண்டாம்

கார்த்தி: கார்ல?

ரேவதி அத்தை: காலையில பாக்கலாம்

அம்மா: 📷 கடலை ஊறப்போட்டாச்சு

சேகர் மாமா: கமலா

சேகர் மாமா: அது கறுப்புக் கடலை

அம்மா: இதுதான் வீட்ல இருந்துச்சு

சேகர் மாமா: ஏழு விசில் விடு. வித்யா நாலரைக்கு எழுந்துடு

வித்யா: சரி மாமா

கார்த்தி: தொன்னை 40 வாங்கியாச்சு. ஆனா ஐஸ்க்ரீம் கப் மாதிரி இருக்கு