புதுப்பிப்பு: ஜிபிஎஸ் வாட்ச்சில் பேஸ் எகிறுவது பற்றி

ஒரே சீராக ஓடினாலும் வாட்ச் என் பேஸ் (ஒரு கிலோமீட்டர் ஓட ஆகும் நிமிடம்:நொடி) 5:40 என்கிறது, அடுத்த நொடியே 7:10 என்கிறது, பழுதா என்று முன்பு கேட்டிருந்தேன். பழுதெல்லாம் இல்லை.

கிண்டியில் மெட்ரோ பாலத்துக்கு அடியில் ஓடும்போதுதான் இந்தக் கூத்து. மேலே கான்கிரீட் வானத்தை மறைக்கிறது. பக்கத்துக் கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலை வைத்து, நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தாவிவிட்டதாகக் கணக்குப் போடுகிறது. மேப்பில் பார்த்தால் என் பாதை யார் யார் வீட்டுக்குள்ளோ புகுந்து வருகிறது! அதே வாட்ச் மெரினாவில், உழைப்பாளர் சிலை முதல் கலங்கரை விளக்கம் வரை, பரம சாது.

அப்போது பதிலில் நீங்கள் சொன்னபடி, வாட்ச் திரையில் அந்தந்த நொடியின் பேஸைத் தூக்கிவிட்டு லேப் பேஸ் வைத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் கிலோமீட்டரின் சராசரி அது. முதல் 200 மீட்டர் தள்ளாடும், கண்டுகொள்ளாதீர்கள்; பிறகு நிதானமாகிவிடும். கிளம்பும் முன் சாட்டிலைட் பிடிக்கும்வரை நிற்பதும் உதவுகிறது. கையைத் தூக்கிப் பிடித்து நின்றதைப் பார்த்து, பால் வாங்க வந்த பெரியவர், "ஆட்டோ வேணுமா தம்பி?" என்றார்.

மே மாதப் புழுக்கத்துக்கு மட்டும் பேஸ் கணக்கே வேண்டாம். வேகம் அதேதான், நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. இப்போதைக்கு அதைப் பார்த்துத்தான் ஓடுகிறேன்.