மில்லேனியம் மூன்றாம் நாவல்: இது நிருபர் வேலையா, போலீஸ் கூட்டணியா?

மைப்பொட்டு: ஸ்டீக் லார்சனின் மூன்றாம் நாவலை (2007) புலனாய்வு இதழியலுக்கு இலக்கணம் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. சேப்போ என்ற ஸ்வீடன் பாதுகாப்புப் போலீசுக்குள் ஒளிந்திருக்கும் ‘பிரிவை’ அம்பலப்படுத்த, மில்லேனியம் இதழின் நிருபர் புளூம்க்விஸ்ட் அதே சேப்போவின் இன்னொரு கிளையோடு கைகோக்கிறார். பிரதமரையும் சந்திக்கிறார். இதழ் வெளியீடு, கைது எல்லாம் பேசிவைத்து நடக்கிறது.

சந்துமுனை: கைகோத்தார் சரி, தனக்குத் தகவல் தந்த ஹேக்கர்களைக் காட்டிக்கொடுத்தாரா? ஸ்வீடனில் செய்தி தந்தவர் யாரென்று அரசு துருவக் கூடாது. நிருபர் பெயரைச் சொன்னால் அவருக்கே தண்டனை. அப்புறம் பிரிவுக்கு எதிரான ஆதாரமான அந்த 1991 அறிக்கை. ஒரு நகலை அவர் வீட்டில் திருடுகிறார்கள், இன்னொன்றைத் தங்கை அன்னிக்காவைத் தாக்கிப் பறிக்கிறார்கள். போன் ஒட்டுக்கேட்கப்படுவது தெரிந்ததும் அவர் போனை மாற்றவில்லை. எல்லாம் போச்சு என்று அதிலேயே புலம்பி ஏமாற்றுகிறார். அதுதான் தொழில்!

மைப்பொட்டு: அந்தப் பாதுகாப்புக்கு விதிவிலக்கு உண்டு, உளவு வழக்கு. 1973-இல் ஐபி என்ற ரகசிய உளவு அமைப்பை வெளிக்கொண்டுவந்த யான் கியூவும் பீட்டர் பிராட்டும் சிறைக்குப் போனார்கள். புளூம்க்விஸ்ட் மட்டும் எப்படித் தப்புவார்?

சந்துமுனை: அவர்கள்மீது பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தில் வழக்குப் போடவில்லையே, உளவு பார்த்ததாகத்தானே போட்டார்கள். பத்திரிகை வழக்கு என்றால் 9 பேர் ஜூரி, அதில் 6 பேராவது குற்றம் என்று சொல்ல வேண்டும். அந்த வாசலைச் சுற்றிப் போவதுதான் தந்திரம். நாவலில் பிரிவும் இதழை நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை, அவர் வீட்டில் கொக்கெய்னைக் கொண்டுபோய் வைக்கிறது.

கழிமுகம்: இரண்டு பேருமே மில்லேனியம் ஆசிரியர் எரிக்காவை மறந்துட்டீங்க. 2009 படம் மட்டும் பார்த்தவங்களுக்கு இது தெரியாது, அதில் அவர் மில்லேனியத்தைவிட்டுப் போவதே இல்லை. நாவலில் ஸ்வென்ஸ்கா மோர்கன்-போஸ்டன் நாளிதழுக்கு ஆசிரியராகப் போகிறார். அதன் தலைவர் போர்க்ஷோவுக்குத் தொடர்புள்ள கம்பெனி வியட்நாமில் குழந்தைகளை வைத்துச் செய்த கழிப்பறைச் சாமான்களை வாங்குகிறது. துப்பறிந்தது மில்லேனிய நிருபர் ஹென்ரி கோர்தெஸ். அச்சேறும் முன்பே கட்டுரை எரிக்கா கைக்குப் போகிறது, அவர் அதை வைத்தே தலைவரைப் பதவி விலகச் சொல்கிறார். என் கணக்கில் நாவலின் பெரிய சறுக்கல் இதுதான். பிரதமரைப் பார்த்ததெல்லாம் சும்மா.

சந்துமுனை: குற்றம் சாட்டப்படுபவரிடம் பதில் கேட்டுவிட்டுத்தானே எழுதணும்?

கழிமுகம்: கேட்கணும். அதைக் கேட்க வேண்டியது ஹென்ரி. போர்க்ஷோவிடம் சம்பளம் வாங்குகிற எரிக்கா இல்லை.