எம்.ஈ.எல். என்பதற்குப் ‘பொறுபழுதுப் பட்டியல்’

வணக்கம்.

விமானங்களுக்கான எம்.ஈ.எல். (Minimum Equipment List) என்பதற்குத் தமிழில் ‘குறைந்தபட்சக் கருவிப் பட்டியல்’ என்று இங்கே முன்வைத்திருந்தார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் படிப்பவர், பறக்கத் தேவையான கருவிகளெல்லாம் அதில் வரிசையாக இருக்கும் என்று நினைத்துவிடுவார். இருப்பது நேர்மாறு. எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தாலும் கிளம்பலாம், அதற்கு என்ன நிபந்தனை என்பதைத்தான் அது சொல்கிறது. இறக்கையும் எஞ்சினும் அதில் இருக்கவே இருக்காது.

அடுத்து வந்த ‘சிறுபழுதுப் பட்டியல்’ எனக்கு உறுத்துகிறது. நான் விமானப் பராமரிப்பில் வேலை பார்ப்பவன். வால்பகுதியில் இருக்கும் ஏ.பி.யு. (தரையில் மின்சாரமும், பெரிய எஞ்சினைக் கிளப்பக் காற்றும் தரும் சிறு எஞ்சின்) படுத்துவிட்டது என்று வையுங்கள். அவற்றைத் தரும் வண்டிகள் உள்ள நிலையத்தில் கவலையில்லை. அந்த வண்டிகள் இல்லாத ஊரில் இறங்கி எஞ்சினை அணைத்தால், விமானம் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பழுது அதேதான், ஊர்தான் வேறு.

2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட். ஸ்பான்ஏர் என்ற ஸ்பெயின் நிறுவனத்தின் எம்.டி.-82 விமானம் ஓடுபாதை வரை போய்த் திரும்பியது. வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் உணரி, தரையில் நிற்கும்போதே சூடேறிக்கொண்டிருந்தது. அதன் சூடேற்றி வானில் மட்டுமே இயங்க வேண்டியது. எம்.ஈ.எல். பார்த்தார்கள், சூடேற்றியின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கிளம்பினார்கள். தரையில் சூடேறியதே வேறொன்றின் அறிகுறியாக இருக்கலாம் என்பதை யாரும் துருவவில்லை. விமானம் மேலெழ உதவும் இறக்கை மடிப்புகளான ஃபிளாப்களை இறக்காமல் ஓடுபாதையில் ஓடினார்கள். அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒலிக்கவில்லை. சூடேற்றிக்கும் அந்த எச்சரிக்கைக்கும் பொதுவான ரிலே (மின்னிணைப்பை மாற்றும் விசை) ஒன்று உண்டு. விமானம் விழுந்தது. இறந்தவர்கள் 154 பேர். ‘சிறு’ என்று பெயரிலேயே எழுதிவிட்டால் துருவும் எண்ணமே எழாது.

என் பரிந்துரை: பொறுபழுது. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ‘பொறு’ என்றால் தாங்கிக்கொள், ‘பொறு’ என்றால் கொஞ்சம் காத்திரு. இந்தப் பழுதுக்கு இரண்டும் பொருந்தும்: இப்போதைக்குத் தாங்கலாம், சரிசெய்வது பிறகு. ‘பொறுப்பு’ம் இதே வேர்தான். பட்டியல் அனுமதித்தாலும் ‘இந்த விமானத்தை எடுக்க மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை கேப்டனுக்கு உண்டு. அந்தப் பொறுப்பும் சொல்லுக்குள் கேட்கிறது. ‘ஒத்திவைத்த பழுது’ என்றால் கோர்ட் வாய்தா மாதிரி முடிவில்லாமல் ஒலிக்கிறது.

சரிசெய்யும் கெடுவுக்குத் ‘தவணை’ போதும். பட்டியலில் பழுதுகள் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10, டி வகைக்கு 120. பழுது பதிவான நாள் கணக்கில் சேராது. ஏ வகைக்கு அந்தந்த இடத்திலேயே கெடு எழுதியிருக்கும். ஆக, ‘சி தவணைப் பொறுபழுது’ என்று டெக் லாக்கில் (விமானத்தின் பழுதுப் பதிவேட்டில்) ஒரே வரியில் எழுதிவிடலாம்.

அப்புறம், பழுதான விசைக்குப் பக்கத்தில் ஒட்டும் ஸ்டிக்கர். அதில் போட ‘செயலிழந்துள்ளது’ என்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். அந்த ஸ்டிக்கர் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும், மங்கிய வெளிச்சத்திலும் கண்ணில் பட வேண்டும். ‘இயங்காது’ என்று ஐந்தெழுத்தில் போடலாமா? மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.