12 வயது டென்னிஸ் பிள்ளைக்கு லேசான வலுப் பயிற்சி போதுமா?

கேள்வி:
என் மகளுக்கு 12 வயது. வாரம் நான்கு நாள் டென்னிஸ் ஆடுகிறாள். ஆட்டம் நீண்டால் அவள் சர்வ் தளர்ந்துவிடுகிறது. எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். ரப்பர் பேண்ட் மாதிரி லேசான பயிற்சியால் பலன் இருக்குமா?

பதில்:
நிச்சயம் இருக்கும் மேடம். நான் இந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி கொடுக்கிறேன். முறையாக, ஆள் கூட நின்று செய்யவைத்தால் வளர்த்தி நிற்காது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

தோளில் ஆரம்பியுங்கள். சர்வ் அடித்த பிறகு பாய்கிற கையைப் பிடித்து நிறுத்துவது தோளின் பின்பக்கச் சிறு தசைகள். ஆடி ஆடியே முன்பக்கம் வலுவாகிவிடும், பின்பக்கம் பின்தங்கிவிடும். தோள்வலி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

இருப்பதிலேயே லேசான பேண்டை (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) இடுப்பு உயரத்தில் ஒரு தூணிலோ கம்பியிலோ கட்டுங்கள். ஆடாத கைப்பக்கம் கட்டிய இடத்தைப் பார்த்திருக்கட்டும். ஆடும் கையால் மறுமுனையைப் பிடித்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, அதற்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். துண்டு விழாமல் முன்கையை வெளியே திருப்ப வேண்டும். வெளியே போக 2 எண்ணிக்கை, திரும்பி வர 4. அந்தத் திரும்பி வருவதுதான் முக்கியம், பேண்ட் கையைச் சுண்டி இழுக்க விடக்கூடாது. 15 முறை, இரண்டு சுற்று. கடைசித் தடவை தோள் காதை நோக்கி ஏறினால் பேண்ட் கடினம், மாற்றிவிடுங்கள்.

காலுக்கு வெறும் உடல் எடையில் ஸ்குவாட், அதாவது முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது, போதும். இறங்க 3, ஏற 3. மேலே வந்ததும் முழங்காலை முழுசாக நீட்டாமல் அடுத்ததற்கு இறங்க வேண்டும். தசைக்கு நடுவில் ஓய்வே கிடைக்காததால், எடை இல்லாமலே தொடை எரியும். அப்புறம் பிளாங்க், அதாவது முன்கையும் கால்விரலும் ஊன்றி உடலைப் பலகை மாதிரி நேராக வைத்திருப்பது, 20 விநாடி. வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி.

இன்னொருவர்:
சார், என் பையனுக்கு 13. ஸ்குவாட் செய்தால் முழங்காலுக்குக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் வலிக்கிறது என்கிறான். தொடரலாமா?

பதில்:
வேண்டாம் சார், இப்போதைக்கு நிறுத்துங்கள். கிடுகிடுவென உயரும் பருவத்தில், தொடைத் தசை இழுத்து இழுத்து அந்த இடம் வலிப்பது உண்டு. குதிக்கும் பயிற்சியையும் குறையுங்கள், எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வலியில்லாமல் முடிந்தால் பேண்டும் பிளாங்கும் மட்டும் தொடரட்டும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி சார். ஆட்டத்துக்கு முன்னாடி செய்யலாமா, பின்னாடியா?

பதில்:
பின்னாடிதான், இல்லையென்றால் ஆடாத நாளில். களைத்த தோளோடு அவள் சர்வ் போடக்கூடாது.