குன்னூர் பழக்கண்காட்சி: பழங்களை மரத்திலேயே பார்க்க எங்கே போவது?

மஞ்சக்காட்டுப் பொண்ணு (ஈரோடு):

வணக்கம். மே கடைசியில் குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சிக்கு ஒரு நாள் போய்வரலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், பத்து வயசுப் பொண்ணு, ஆறு வயசுப் பையன், கூட என் மாமியார். அவருக்கு முட்டி வலி, படி ஏறினால் சிரமம்.

பொண்ணு இப்போதெல்லாம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இது எந்த மரத்தில் வருது, கிராம்பு காயா பூவா, பட்டை எப்படி உரிப்பாங்க என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், எனக்குப் பாதிக்கு மேல் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பயணமே. கண்காட்சிப் படங்களைப் பார்த்தால் பழங்களை அடுக்கிச் செய்த பெரிய பெரிய உருவங்கள்தான் தெரிகின்றன. அது அழகுதான், ஆனால் எனக்கு வேண்டியது, சாப்பிடுகிற பொருள் செடியில், கொடியில், மரத்தில் எப்படி இருக்கிறது என்று பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு நாள். சிம்ஸ் பூங்காவில் அது கிடைக்குமா? மங்குஸ்தான், துரியன் எல்லாம் அப்போது சாப்பிடக் கிடைக்குமா? போய் வந்தவர்கள், அந்தப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

---

குன்னூர்வாசி:

முதலில் ஒன்று, சிம்ஸ் பூங்கா பழத்தோட்டம் இல்லை. 1874-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா அது, சுமார் 12 ஹெக்டேர், 1,700 மீட்டருக்கு மேல் உயரம். உள்ளே இருப்பது பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட பெரிய மரங்களும் அலங்காரச் செடிகளும்தான். கற்பூர மரம் இருக்கிறது, கீழே உதிர்ந்த இலையைக் கசக்கி பொண்ணு மூக்கில் வையுங்கள், சூடம் எங்கிருந்து வந்த வாசனை என்று உடனே பிடித்துக்கொள்வாள். ருத்ராட்ச மரமும் உண்டு. அந்தப் பழம் வெளியே நல்ல நீல நிறம், அதன் கொட்டைதான் நாம் கழுத்தில் போடுவது.

கண்காட்சி நாட்களில் பழம் எல்லாம் வெளியிலிருந்து வருவது. பல மாவட்டத் தோட்டக்கலைத் துறைகள் அரங்கு போட்டு அவரவர் ஊர்ப் பழத்தை வைப்பார்கள். மா, பலா, வாழை வகைகளை ஒரே இடத்தில் வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் தொட முடியாது, கூட்டமும் அதிகம், சனி ஞாயிறில் ஆறு வயசுப் பையனின் கையை விட்டுவிடாதீர்கள். முடிந்தால் வார நாளில் வாருங்கள், காலையிலேயே உள்ளே போய்விடுங்கள்.

மாமியார் விஷயம்: பூங்கா ஒரு பள்ளத்தாக்கு மாதிரி. வாசல் மேலே, குளமும் படகும் அடியில். இறங்குவது சுலபம், திரும்பி ஏறும்போதுதான் முட்டி தெரியும். மேல் தளத்திலேயே புல்வெளியும் பெஞ்சும் இருக்கின்றன, அவரை அங்கே உட்காரவைத்துவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு கீழே போய்வருவது நல்லது.

மரத்தில் பழம் பார்க்க வேண்டுமென்றால், பூங்காவுக்குப் பக்கத்திலேயே 1920-ல் தொடங்கிய பழவியல் நிலையம் இருக்கிறது. பிளம்ஸ், பீச், பேரி, பெர்சிமன் எல்லாம் அங்கே வளர்க்கிறார்கள். பொதுமக்களை எந்த நேரம் விடுகிறார்கள் என்று பூங்கா வாசலிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். மே கடைசியில் பிளம்ஸ் சிவக்க ஆரம்பித்திருக்கும். பேரிக்காய் அப்போது பிஞ்சு, ஜூலைக்கு மேல்தான் பறிக்கிற பதம். பெர்சிமன் அதற்கும் பிறகு. இந்த மரங்களுக்கெல்லாம் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுச் சில வாரம் குளிரில் நிற்க வேண்டும், அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் மொட்டு சரியாக விடாது. ஈரோட்டில் பிளம்ஸ் கன்று வைத்தால் ஏன் காய்க்காது என்று பொண்ணு கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

மார்க்கெட்டுக்கும் ஒரு நடை போங்கள். தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்), மரத்தக்காளி, பட்டர் ஃப்ரூட் கிடைக்கிற காலத்தில் கடைக்கு வரும். மரத்தக்காளியைச் சுட்டுத் தோலுரித்துப் பச்சைமிளகாய் வைத்து அரைத்தால் அந்தச் சட்னிக்கு நான் இன்னொரு தோசை போட்டுக்கொள்வேன். பட்டர் ஃப்ரூட் மரத்தில் இருக்கும்வரை பழுக்காது, பறித்து வைத்த பிறகுதான் இளகும், கல்லாக இருக்கிறதே என்று வாங்காமல் வராதீர்கள்.

---

பாக்குத்தோப்பு (மேட்டுப்பாளையம்):

அம்மணி, நீங்கள் தேடுவது குன்னூரில் இல்லை, குன்னூர் போகிற வழியில் இருக்கிறது. அஞ்சறைப் பெட்டி என்று சொன்னீர்கள் பாருங்கள், அது பூராவும் பர்லியாறு.

மேட்டுப்பாளையம் தாண்டினால் கல்லாறு, அங்கே 1900-ல் வந்த அரசுப் பழப்பண்ணை. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பாதி வழி போனால் பர்லியாறு, அங்கே 1871-லிருந்து ஒரு தோட்டக்கலைப் பண்ணை. இரண்டும் மலையடிவாரச் சூடும் ஈரமும் சேர்ந்த இடம், அதனால்தான் மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான், ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் இங்கே காய்க்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் ஏறினால் பிளம்ஸும் பேரியும். ஒரே சாலையில், காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், இரண்டு உலகத்துப் பழத்தையும் பார்த்துவிடலாம். அந்தக் காலத்தில் எந்தச் செடி எந்த உயரத்தில் பிழைக்கும் என்று சோதித்துப் பார்க்கத்தான் இந்தத் தோட்டங்களை இப்படி வைத்தார்கள்.

கல்லாறு பண்ணை யானை வழித்தடத்தில் இருக்கிறது, அது சம்பந்தமாகக் கோர்ட்டு வரை வழக்கு போனது, அதனால் பார்வையாளரை விடுகிறார்களா என்று விசாரிக்காமல் அங்கே இறங்காதீர்கள். பர்லியாறு போதும் உங்களுக்கு.

அங்கே ஜாதிக்காய் மரத்தடியில் நின்று நிதானமாகப் பாருங்கள். பழம் சின்ன மஞ்சள் கொய்யா போலத் தொங்கும். முற்றியதும் அதுவே நடுவில் வெடித்து இரண்டாகப் பிளக்கும், உள்ளே பளபளவென்று கறுத்த கொட்டை, அதைச் சுற்றி ரத்தச் சிவப்பில் வலை பின்னின மாதிரி ஜாதிபத்திரி. அந்தச் சிவப்பு மரத்தடியில் மட்டும்தான். காய்ந்து கடைக்கு வரும்போது மங்கிப் பழுப்பு மஞ்சளாகிவிடும். கீழே விழுந்த பழம் கிடைத்தால் வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டுப் பொண்ணையே பிளந்து பார்க்கச் சொல்லுங்கள். தோலும் சதையும்கூட வீணில்லை, எங்கள் வீட்டில் ஊறுகாய் போடுவோம். இதில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. விதை போட்டு வளர்த்தால் பூக்கிற வரைக்கும் எது எதுவென்று தெரியாது, அதற்குள் ஆறேழு வருஷம் ஓடிவிடும். அதனால்தான் இப்போது ஒட்டுக்கன்று கேட்கிறார்கள்.

கிராம்பு, பூவும் இல்லை காயும் இல்லை அம்மணி, விரியாத மொட்டு. ஆனால் மே கடைசியில் பறிப்பு முடிந்திருக்கும், மரத்தையும் இலை வாசனையையும்தான் காட்ட முடியும். மிளகுக்கொடியிலும் அப்போது திரி, அதாவது பூவும் காயும் பிடிக்கிற சரம், அதிகம் இருக்காது, மழை விழுந்த பிறகுதான் அது பூக்கும். பட்டை மரத்துக் கொழுந்து இலை இளஞ்சிவப்பாக இருக்கும், பட்டை உரிப்பது மழைக்காலத்தில், தோல் கழன்று வருகிற பதத்தில். சர்வசுகந்தி மரம் இருந்தால் ஒரு இலையைக் கசக்கிப் பாருங்கள், கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்த வாசனை வரும். பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள்.

மங்குஸ்தானுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மே கடைசியில் ஒன்றிரண்டு கடையில் இருந்தால் உண்டு, நிச்சயம் சொல்ல மாட்டேன். கிடைத்தால் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், தோல் கொஞ்சம் கொடுக்க வேண்டும், மரக்கட்டை போல இருந்தால் பழசு. அடியில் பூப்போல ஒரு முத்திரை இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. வாங்குவதற்கு முன் பையனை எண்ணச் சொல்லுங்கள், உரித்துச் சரிபார்க்கட்டும். அந்தத் தோலின் கறை மட்டும் துணியில் பட்டால் போகாது.

---

வண்டிச்சாவி:

பயண விஷயம் மட்டும் சொல்கிறேன். 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம். 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டிகள்தான் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. நீங்கள் போகிற வருஷத்துக்கு என்ன எண்ணிக்கை என்று பார்த்து முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போனால் பாஸ் தேவையில்லை.

சீசனில் வழக்கமாக ஒருவழிப் பாதை போடுவார்கள், ஏறுவது பர்லியாறு வழி, இறங்குவது கோத்தகிரி வழி. அதாவது பர்லியாறைப் போகும்போதே பார்த்துவிட வேண்டும், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காது. தண்ணீருக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பாட்டிலை சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10. டிக்கெட் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் பர்லியாறு அந்தப் பாதையில் இல்லை.

---

அளக்கரை விவசாயி:

கண்காட்சியைப் பற்றி எல்லாரும் கொஞ்சம் குறைத்தே பேசுவதால் எழுதுகிறேன். உருவங்களை விட்டுவிடுங்கள், அதற்காக ஒட்டுமொத்தமாக ஒதுக்க வேண்டாம். அறுபது தடவைக்கு மேல் நடந்துவிட்ட கண்காட்சி இது. ஓரத்து அரங்குகளில் பெயர்ச்சீட்டோடு தட்டில் வைத்திருக்கும் பழங்களைப் பாருங்கள். நம் கண்ணில் படுவது கடையில் விற்கிற நாலு வகைதான், அங்கே ஒரே மாம்பழத்தில் எத்தனை நிறம், எத்தனை மூக்கு என்று குழந்தைக்குக் காட்ட வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் போகாமல் காலையில் போனால் பழம் வாடாமல் இருக்கும், அரங்கில் நிற்கிற தோட்டக்கலை ஆட்களுக்கும் பேச நேரம் இருக்கும். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

எங்கள் பக்கம் முன்பு வீட்டுக்கு வீடு பிளம்ஸ், பீச், பேரி மரம் நிற்கும். இப்போது அந்த இடத்தில் எல்லாம் தேயிலையும் கட்டடமும். பழுத்தால் குரங்கும் கரடியும் வருகிறது என்று பயந்து வெட்டியவர்களும் உண்டு. வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அதனால் சாலையோரத்தில் யாராவது பாட்டி கூடையில் பிளம்ஸ் வைத்து விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். பெரிய கடைப் பழம் போல ஒரே அளவில் இருக்காது, தோல் புளிக்கும், சதை இனிக்கும், அதுதான் அதன் ருசி. மழை பிடித்த பிறகு வந்தால் காட்டோரத்தில் தவிட்டுப் பழமும் விக்கிப் பழமும் விற்க வரும், அதையும் விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மே, ஜூன் பலா பழுக்கிற காலம். பர்லியாறு பக்கம் பலா வாசனைக்கு யானை கீழேயிருந்து ஏறி வரும். அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய் தொங்குவதைப் பார்த்தால் வண்டியை நிறுத்தத் தோன்றும். கடையும் ஆட்களும் இருக்கிற இடத்தில் நிறுத்துங்கள், ஆளில்லாத வளைவில் இறங்காதீர்கள்.

---

மஞ்சக்காட்டுப் பொண்ணு (ஈரோடு):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டில் படித்துக்காட்டினேன், பொண்ணு ஜாதிக்காய்க்கு இப்போதே ஒரு நோட்டு போட்டுவிட்டாள். வார நாளில் விடியக்காலை கிளம்பி, பர்லியாறில் இரண்டு மணி நேரம், அப்புறம் குன்னூர், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று முடிவு செய்திருக்கிறோம். கண்காட்சிக்குக் கடைசி நாளுக்கு முன்பே போய்விடுவோம். இரண்டு சந்தேகம். பர்லியாறு பண்ணையில் மாமியார் நடக்க முடியுமா? துரியன் சாப்பிட்டால் குழந்தை இல்லாதவர்களுக்குக் குழந்தை பிறக்கும் என்று நாத்தனாருக்கு ஒன்று வாங்கி வரச் சொல்கிறார்கள், அது உண்மையா?

---

பாக்குத்தோப்பு (மேட்டுப்பாளையம்):

பண்ணை சரிவான நிலம்தான் அம்மணி, மழை பெய்திருந்தால் பாசி வழுக்கும். வாசல் பக்கமே மரங்கள் இருக்கின்றன, அவர் அங்கேயே ஒரு நாற்காலி கேட்டு உட்காரட்டும், நீங்கள் இலையும் காயும் கொண்டுவந்து காட்டுங்கள். அவருக்குத் தெரிந்த கைவைத்தியம் நாலு அப்போது வெளியே வரும், பொண்ணு நோட்டில் அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

துரியனை அப்படிச் சொல்லித்தான் காலங்காலமாக விற்கிறார்கள், அந்த நம்பிக்கையில் விலையும் ஏறுகிறது. அதை நம்பி நாத்தனார் காசையும் நாளையும் கழிக்க வேண்டாம், நல்ல டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பழமாகச் சாப்பிட ஆசை என்றால் ஜூலையில் வாருங்கள், மங்குஸ்தானும் சேர்ந்தே கிடைக்கும். பண்ணைப் பழத்தை ஏலம் எடுத்தவர்கள் சாலையோரக் கடையில் வைத்திருப்பார்கள். துரியனை மட்டும் பேருந்தில் கொண்டுபோக முடியாது, கண்டக்டர் இறக்கிவிடுவார், கடையிலேயே வெட்டித் தரச் சொல்லி அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.