மறு: சதுரங்கத்தில் ‘பின்’ – பிணையா, கட்டா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு காய் நகர்ந்தால் அதன் பின்னால் நிற்கும் பெரிய காய் அடிபடும் என்பதால் அது நகர முடியாமல் நிற்பதைச் சதுரங்கத்தில் ‘பின்’ (pin) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘பிணை’ என்று வைத்துவிடலாமே, ஒலியும் ஒத்துவருகிறது.

ஒலி ஒத்துவருவதுதான் எனக்கு இடிக்கிறது. பிணை என்றதும் கோர்ட்டும் ஜாமீனும்தான் நினைவுக்கு வரும். ‘பின்’ என்றே விட்டாலும் வம்பு: ‘குதிரைக்குப் பின் ராஜா’ என்று எழுதினால் எப்படிப் படிப்பது?

என் ஓட்டு ‘கட்டு’க்கு. போன வாரம் என் மகளோடு ஆடும்போது தானாக வாயில் வந்த சொல் அது. அவள் வெள்ளை. (ஈ4, சி3 என்பவை பலகையின் கட்டங்கள்: எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை.) ஈ4 சிப்பாய்க்கு சி3 குதிரை காவல் என்று தைரியமாக இருந்தாள். டி சிப்பாயை ஏற்கெனவே டி4-க்குத் தள்ளியாயிற்று. நான் பிஷப்பை பி4-இல் வைத்தேன். (மந்திரி என்று எழுதவில்லை, பாதிப் பேர் ராணியை நினைப்பீர்கள்.) அதைக் கண்டுகொள்ளாமல் அவள் வேறெங்கோ ஆட, என் எஃப்6 குதிரை ஈ4-ஐ வெட்டியது. சி3 குதிரையால் திருப்பி வெட்டக் கை நீட்டினாள். “அதைக் கட்டிப் போட்டிருக்கேன் பாரு, நகர்ந்தா ராஜாவுக்கு செக்” என்றேன். சட்டென்று புரிந்துவிட்டது. புதிதாக ஆடுகிறவர்கள் பலர் இப்படித்தான் காய் இழக்கிறார்கள்: கட்டுண்ட காயைக் காவல் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

வினையாகவும் நன்றாக வளைகிறது: கட்டினான், கட்டுண்டது, கட்டவிழ்த்தான்.

பின்னால் ராஜா இருந்தால் காயை நகர்த்த விதியே விடாது. அது இறுகுகட்டு. ராணியோ யானையோ இருந்தால் தளர்கட்டு. நகர்த்தலாம், விலை கொடுக்கவேண்டும். சிலசமயம் கொடுப்பதே லாபம். 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் லெகால் பெயரில் வழங்கும் மேட் (ராஜா தப்ப வழியில்லாத முடிவு) அப்படித்தான். எதிராளியின் ஜி4 பிஷப் நம் எஃப்3 குதிரையைக் கட்டியிருக்கும். பின்னால் டி1-இல் ராணி. குதிரை துள்ளிப்போய் ஈ5 சிப்பாயை வெட்டும். எதிராளி ஆசைப்பட்டு ராணியை எடுத்தால் எஃப்7-இல் நம் பிஷப் செக், அடுத்து டி5-இல் இன்னொரு குதிரை, மேட். ‘தளர்’ என்ற அடைமொழி இருந்தால் பிள்ளைகள் அவிழ்த்துப் பார்க்கத் துணிவார்கள்.

> ‘கோட்டை கட்டுதல்’ இருக்கிறதே, குழம்பாதா?

குழம்பாது என்றே நினைக்கிறேன். ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறும் அந்த ஆட்டத்தைச் சொல்லும்போது ‘கோட்டை’ கூடவே வருகிறது.

சரி, ‘ஸ்க்யூவர்’ பாக்கி. அது இதன் தலைகீழ்: பெரிய காய் முன்னால், அது விலகினால் பின்னால் நிற்பது போச்சு. கோப்பது என்ற பொருளில் ‘கோவை’ என்று எழுதிப் பார்த்தேன். ‘ராணியைக் கோவையில் இழந்தான்’ என்றால் ரயிலில் தொலைத்தமாதிரி இருக்கிறது. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.