பதேர் பாஞ்சாலியின் நிதானத்தை எப்படி உள்வாங்குவது?

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்):
அனைவருக்கும் வணக்கம். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) என்ற கறுப்பு வெள்ளை வங்காளப் படத்தைச் சென்ற ஞாயிறன்று அம்மாவுடன் வீட்டில் பார்த்தேன். ஒரு மணி நேரமாகியும் கதை நகரவில்லையே என்று நான் தவித்துக்கொண்டிருக்க, ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த அம்மாவோ கண்ணெடுக்காமல் பார்த்தார். வெண்ணிற நாணல்வெளியைக் கண்டதும், “நம் தோட்டத்து லாலான் புல் போலவே இருக்கிறது” என்றார். அவருக்குப் பிடிபட்டது எனக்கு ஏன் பிடிபடவில்லை?

பதில் (பட்டர்வொர்த்):
சகோதரி, கதையில் வரும் சிறுமி துர்கா திருடியதாகப் பழி சுமந்த அந்த மணிமாலையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அவள் மறுக்கிறாள், அடி வாங்குகிறாள், பிறகு அந்தப் பேச்சே மறைந்துவிடுகிறது. அவள் இறந்த பின், ஊரைவிட்டுப் புறப்படும் வேளையில், சாமான்களுக்கிடையே அந்த மாலை தம்பி அப்புவின் கையில் அகப்படுகிறது. ஒருவரிடமும் சொல்லாமல் ஓடிச் சென்று குளத்தில் எறிகிறான். விலகிய பாசி மெல்ல மெல்லக் கூடி, நீரை மீண்டும் மூடும்வரை கேமரா அங்கேயே நிற்கிறது. அக்காட்சியை இரண்டு நொடியில் வெட்டியிருந்தால், சிறுவன் எதையோ எறிந்தான் என்ற செய்திதான் மிஞ்சியிருக்கும். காத்திருப்பதால்தான், அக்காளின் மானத்தை அவன் காப்பாற்றுகிறான் என்பது நமக்கு உறைக்கிறது.

பதில் (பிரிக்ஃபீல்ட்ஸ்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பொறுமை மட்டும் போதாது, ஒளியையும் ஒலியையும் கவனிக்க வேண்டும். 1952 அக்டோபரில் அந்த நாணல்வெளியில்தான் படப்பிடிப்பு தொடங்கியது. அடுத்த வாரம் திரும்பியபோது மாடுகள் பூக்களை மேய்ந்துவிட்டிருந்ததால், மறு பருவம்வரை காத்திருந்தார்கள். அதற்குமுன் திரைப்படக் கேமராவையே இயக்கியிராத 21 வயது சுப்ரதா மித்ராதான் ஒளிப்பதிவாளர். வெண்பூக்களுக்கு அப்பால் இரயிலின் கரும்புகை எழும் அக்காட்சியின் வலிமையை வண்ணத்தில் என்னால் கற்பனை செய்ய இயலவில்லை. மகளை இழந்த தாய் கதறும்போது அவள் குரல் கேட்பதில்லை. தார் ஷெனாய் என்னும் கருவிதான் அழுகிறது. கைப்பேசியில் பார்த்தால் இவை யாவும் வீணாகும்.

மீண்டும் செந்தூலிலிருந்து:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு கடைசி அரைமணி நேரத்தை விளக்கணைத்து மறுபடியும் பார்த்தோம். பாசி மூடும்வரை நானும் மூச்சடக்கி இருந்தேன். குடும்பம் மாட்டுவண்டியில் போகும் காட்சியில் அம்மா என் கையைப் பற்றிக்கொண்டார். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து வீட்டைவிட்டு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டைவிட்டு, லாரியில் ஏறிய அன்று, பாட்டி ஒரு சொல்லும் பேசாமல் அடுப்படிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இத்தனை ஆண்டுகளில் அம்மா அதை என்னிடம் சொன்னது இதுவே முதல் முறை.